அபுஜாவில் ஒரு செனட் ஓட்டு: ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?

2023 பிப்ரவரி. நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் சம்பளம் வங்கியில் இருக்கும், கையில் இருக்காது. பழைய நைரா நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, புது நோட்டுகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏடிஎம் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். அப்படி ஒரு வரிசையில் எங்கள் அலுவலக கேஷியர் மேடத்தோடு மூன்று மணி நேரம் நின்றேன். அன்றுதான் நைஜீரியாவில் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குப் போடும் ஓட்டு எவ்வளவு சிக்கலான விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

"ஓகா, ஜனாதிபதிக்கு யார் என்று முடிவு பண்ணியாச்சு. செனட்டுக்குத்தான் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது" என்றார். அங்கே மேலதிகாரியையும் மரியாதைக்குரியவரையும் 'ஓகா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் க்பாக்யி இனத்தவர், அபுஜா மண்ணின் பூர்வகுடி. அம்மாவின் குடும்பம் மைதாமாவில் யாம் என்ற வள்ளிக்கிழங்கு பயிரிட்ட குடும்பம். தலைநகர் கட்டுவதற்காக அவர்களைப் புறநகரான குப்வாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று மைதாமா தூதரகங்களும் பெரிய பங்களாக்களும் இருக்கும் இடம். ஜனாதிபதிக்கு அவர் போட நினைத்தது லேபர் கட்சியின் பீட்டர் ஓபிக்கு. செனட்டில் மட்டும் அதே லேபர் கட்சியின் இரெத்தி கிங்கிபேயா, இல்லை பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தில் இருக்கும் 'நம்ம ஆள்', பி.டி.பி. கட்சியின் ஃபிலிப் அடூடாவா என்று தடுமாறினார்.

இப்போது இதே கேள்வியை எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண் கேட்டிருக்கிறார். கணவர் நைஜீரியர், இவரும் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார். 2027இல் முதல் ஓட்டுப் போடப்போகிறார். "அண்ணா, வேட்பாளரோட பின்னணியைப் பார்க்கணுமா, கட்சிக் கொள்கையைப் பார்க்கணுமா?" என்று கேட்டார். மேற்கு ஆப்பிரிக்க அரசியலைப் படிக்கிற மாணவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. வேட்பாளர் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் தேர்தலை விட, முடிவு தெரிந்துவிட்ட 2023 அபுஜா போட்டியை எடுத்துவைத்து எடை போட்டுப் பார்ப்பது பயன்படும். அந்த எடைக்கற்களை அப்படியே 2027க்கும் எடுத்துப் போகலாம்.

## முதலில், சீட்டில் என்ன இருக்கிறது

நைஜீரிய வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது, படமும் கிடையாது. கட்சியின் சுருக்கப் பெயரும் சின்னமும் மட்டும்தான். 2023இல் 18 கட்சிகள் பதிவில் இருந்தன. ஆளுங்கட்சியான ஏ.பி.சி.க்குத் துடைப்பம், 2015 வரை ஆண்ட பி.டி.பி.க்குக் குடை, லேபர் கட்சிக்குப் பல்சக்கரத்துக்குள் நிற்கும் அப்பா, அம்மா, பிள்ளை. அந்தக் கட்டத்தில் பெருவிரலை மையில் தொட்டு வைக்க வேண்டும். சுயேச்சையாக நிற்கவும் வழியில்லை. 35 வயது, பள்ளி இறுதிச் சான்றிதழ் அல்லது அதற்கு இணையான தகுதி, ஒரு கட்சியின் ஆதரவு: இவை இருந்தால்தான் செனட்டுக்குப் போட்டியிடலாம் என்கிறது அரசியல் சாசனம்.

ஓட்டு கட்சிக்கா, ஆளுக்கா என்ற கேள்விக்கு 2007இல் உச்ச நீதிமன்றமே ஒரு பதில் சொன்னது. ரிவர்ஸ் மாநில ஆளுநர் தேர்தலில் பி.டி.பி. சார்பில் நின்று ஜெயித்தவர் செலஸ்டின் ஒமேஹியா. ஆனால் உட்கட்சித் தேர்தலில் முறையாக வென்றவர் ரொட்டிமி அமாச்சி. மக்கள் ஓட்டுப் போட்டது கட்சிக்கு, கட்சியின் உண்மையான வேட்பாளர் அமாச்சி என்று சொல்லி, தேர்தலில் நிற்காதவரை ஆளுநர் நாற்காலியில் உட்கார வைத்தது நீதிமன்றம். அப்புறம் சட்டத்தை மாற்றினார்கள். ஆனாலும் சீட்டு இன்னும் அதே சின்னச் சீட்டுதான்.

ஆகவே ஆளை நம்பி ஓட்டுப் போட்டாலும் விரல் படுவது கட்சியின் மேல். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

## எடை போட ஐந்து கேள்விகள்

அந்தப் பதவியால் என்ன ஆகும்? நைஜீரிய செனட்டில் 109 இடங்கள். 36 மாநிலங்களுக்குத் தலா மூன்று, தலைநகர்ப் பகுதிக்கு ஒன்று. மற்ற மாநிலங்களில் ஆளுநர் உண்டு, சட்டமன்றம் உண்டு. அபுஜாவுக்கு இரண்டும் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் அமைச்சர் ஆள்கிறார், நாடாளுமன்றம்தான் அதற்கான சட்டசபை. 2024இல் தலைநகர்ப் பகுதியின் பட்ஜெட் சுமார் 1.15 லட்சம் கோடி நைரா. அதையும் நாடாளுமன்றம்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து அந்த மேசைக்கு அனுப்புவது ஒரு செனட்டர், கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு இரண்டு உறுப்பினர்கள், மொத்தம் மூன்றே பேர். லாகோஸ்காரருக்கு செனட்டர் சரியில்லை என்றால் போய் முறையிட வேறு வாசல்கள் இருக்கின்றன. அபுஜாக்காரருக்கு இது ஒன்றுதான் பெரிய வாசல்.

ஆளின் தடம் என்ன? படிப்பு, இதற்கு முன் வகித்த பதவி, அந்தப் பதவியில் செய்தது, இதுவரை இருந்த கட்சிகள்.

கட்சி அவரை எங்கே உட்கார வைக்கும்? பெரும்பான்மைப் பக்கமா, சிறுபான்மைப் பக்கமா? கமிட்டித் தலைமையைப் பங்கிடுவது செனட் தலைவர் பக்கம்தான்.

கொள்கையில் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா? அறிக்கையில் எழுதியிருப்பதை அல்ல, எதிர்க் கட்சியின் அறிக்கையோடு பக்கத்தில் வைத்தால் தெரிகிற வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

நான்கு வருடம் அதே இடத்தில் இருப்பாரா? கட்சித் தாவல், வழக்கு, இடைநீக்கம் மூன்றும் அங்கே சாதாரணம்.

## கொள்கை எவ்வளவு எடை தாங்கும்?

2023இல் நைஜீரியர்களின் வாழ்க்கையை மற்ற எதையும் விட அதிகமாக அசைத்தது பெட்ரோல் மானியம். ஏ.பி.சி.யின் ஜனாதிபதி வேட்பாளர் டினுபு மானியத்தை எடுப்பேன் என்றார். பி.டி.பி.யின் அதிகு அபூபக்கரும் எடுப்பேன் என்றார். ஓபியும் எடுப்பேன் என்றார். லேபர் கட்சியைத் தொழிற்சங்கங்கள் 2002இல் தொடங்கின. அதே தொழிற்சங்கங்கள்தான் 2012 ஜனவரியில் மானியம் நீக்கப்பட்டபோது நாட்டையே நிறுத்தின. ஆனாலும் அந்தக் கட்சியின் வேட்பாளரும் மற்ற இருவர் சொன்னதைத்தான் சொன்னார்.

மே 29 அன்று பதவியேற்பு உரையிலேயே மானியம் போய்விட்டது என்று, ஜெயித்து ஜனாதிபதியான டினுபு அறிவித்தார். 200 நைராவுக்கும் கீழே இருந்த ஒரு லிட்டர் ஜூன் மாதம் 500ஐ ஒட்டியும் தாண்டியும் போனது, ஜூலையில் 617. குப்வாவிலிருந்து நகருக்குள் இருக்கும் வூசேவுக்கு வர எங்கள் கேஷியர் கொடுத்த வண்டிக்கூலி ஒரே வாரத்தில் இரட்டிப்பானது. கட்சிக் கொள்கையை மட்டும் பார்த்து இந்த ஒரு விஷயத்தில் வேறு மாதிரி ஓட்டுப் போட அவருக்கு வழியே இருக்கவில்லை.

வேறுபாடு இருந்தது வேறு இடங்களில். அதிகு தனியார்மயத்தை வெளிப்படையாக ஆதரித்தார். அரசு சுத்திகரிப்பு ஆலைகளை விற்பது, மத்திய அரசின் அதிகாரத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இரண்டையும் முன்னே வைத்தார். ஓபியின் பேச்சு முழுக்க இறக்குமதி செய்து தின்னும் நாட்டை உற்பத்தி செய்யும் நாடாக மாற்றுவது பற்றி. ஏ.பி.சி.க்கு எட்டு வருட ஆட்சியின் கணக்கு முதுகில் இருந்தது. அதிகாரப் பகிர்வு வேண்டும், மாநிலக் காவல்துறை வேண்டும் என்று அந்தக் கட்சியின் சொந்தக் குழுவே 2018இல் அறிக்கை கொடுத்தது. ஜனாதிபதி புஹாரி போகும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை.

அபுஜாவின் சொந்தக் கேள்விகளுக்குக் கட்சிக் கொள்கையில் பதில் தேடுவது வீண் என்பது என் கருத்து. பூர்வகுடிகளின் நில இழப்பீடு, தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் வேண்டும் என்ற கோரிக்கை, புல்டோசர் வந்து குடியிருப்பை இடிக்கும் பிரச்சினை எல்லாவற்றையும் ஆட்கள்தான் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். இந்தத் தொகுதியில் கொள்கைக்குக் கால் பங்கு எடை கொடுத்தால் போதும்.

## மூன்று பேரும் ஒரே பார்வையில்

| | அங்குலு டோபி | ஃபிலிப் அடூடா | இரெத்தி கிங்கிபே |
|---|---|---|---|
| கட்சி, சின்னம் | ஏ.பி.சி., துடைப்பம் | பி.டி.பி., குடை | லேபர், குடும்பம் |
| முந்தைய பதவி | பிரதிநிதிகள் அவை | பிரதிநிதிகள் அவை 2003–2011, செனட் 2011 முதல் | தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி எதுவும் இல்லை |
| பலம் | ஆளுங்கட்சி வாசல் | மண்ணின் மைந்தர், அனுபவம் | பொறியாளர், மாற்றத்துக்கான அலை |
| பலவீனம் | அபுஜாவில் கட்சி மீது கோபம் | 12 வருடத்துக்குக் கணக்குக் கேட்பார்கள் | சிறிய கட்சி, தனி ஆள் |
| 2023 செனட் ஓட்டு | 78,905 | 1,00,544 | 2,02,175 |
| அதே பகுதியில் கட்சியின் ஜனாதிபதி ஓட்டு | 90,902 | 74,194 | 2,81,717 |

கடைசி இரண்டு வரிசைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

## ஆளுங்கட்சியின் ஆள்: அங்குலு டோபி

ஆளுங்கட்சி ஆளுக்கு ஓட்டுப் போடச் சொல்லும் வாதம் எளியது: தலைநகர் அமைச்சரை நியமிப்பவர் ஜனாதிபதி, ஜனாதிபதி கட்சி ஆள் போய்க் கேட்டால் கதவு திறக்கும். நெடுஞ்சாலை ஓரத்துக் கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு, மின்மாற்றி, பள்ளிக்கூடத்துக்குக் கூரை என்று தொகுதித் திட்டங்கள் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் இதற்காக வருடத்துக்கு 10 ஆயிரம் கோடி நைரா ஒதுக்கிவந்தார்கள்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கதவு திறக்கும் ஆள், கதவைத் தட்டி எதிர்க் கேள்வி கேட்க மாட்டார். வீடு இடிபட்டவருக்குத் தேவை கேள்வி கேட்கும் ஆள்.

பணச் செலவும் ஒன்று உண்டு, வாக்காளர் கண்ணில் அது படாது. 2022இல் ஏ.பி.சி.யில் செனட் வேட்பாளராக வெறும் விண்ணப்பப் படிவம் வாங்கவே 2 கோடி நைரா. பி.டி.பி.யில் 35 லட்சம். அப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைரா. அந்தச் சம்பளக்காரர் ஒரு பைசா செலவழிக்காமல் 55 வருடத்துக்கும் மேல் சேர்த்தால்தான் ஏ.பி.சி. படிவம் கிடைக்கும். பிரசாரச் செலவுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10 கோடி. இவ்வளவு போட்டு வருபவர் அதை எங்கே எடுப்பார் என்று கேட்கத்தான் வேண்டும். செனட்டர் ஒருவருக்கு மாதா மாதம் 1 கோடியே 35 லட்சம் நைரா செலவுப் படி கிடைக்கிறது என்று செனட்டர் ஷேஹு சானி 2018இல் தானே வெளியே சொன்னார்.

## பழகிய ஆள்: ஃபிலிப் அடூடா

அடூடாவின் கதை அபுஜாவோடு சேர்ந்து வளர்ந்த கதை. கரு பகுதியைச் சேர்ந்த க்பாக்யி. உள்ளாட்சியில் தொடங்கி, எட்டு வருடம் பிரதிநிதிகள் அவை, பன்னிரண்டு வருடம் செனட். 2022இல் செனட்டின் சிறுபான்மைத் தலைவரானார். பட்ஜெட்டில் எந்த வரியைத் தொட்டால் எந்தச் சாலை வரும் என்பது இப்படிப்பட்டவருக்குத் தெரியும். பதவி ஏறும் புது ஆளுக்கு அதைக் கற்கவே இரண்டு வருடம் போகும்.

கேஷியர் மேடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "எங்க பேச்சுல பேசினா அவருக்குப் புரியும். மைதாமா யாரோட ஊருன்னு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல." பூர்வகுடிக்கு இது வெறும் இனப் பாசம் அல்ல. தன் தாத்தாவின் நிலத்துக்கு வந்த இழப்பீடு என்ன ஆயிற்று என்று கேட்க, அந்தக் கதை தெரிந்த ஒருவர் வேண்டும். தலைநகரில் குடியேறியவர்கள் எண்ணிக்கையில் பூர்வகுடிகளை எப்போதோ தாண்டிவிட்டார்கள். அவர்கள் ஓட்டால் வருபவருக்கு நில இழப்பீடு முதல் கவலையாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அதே மேடம் அடுத்த மூச்சில் கேட்டார்: "பன்னிரண்டு வருசம் இருந்தாரே, இழப்பீடு வந்துச்சா?" அனுபவம் என்கிற தட்டில் வைக்கும்போது அனுபவத்தால் கிடைத்த பலனையும் அதே தட்டில் வைக்க வேண்டும். 2015 வரை பி.டி.பி. நாட்டை ஆண்டது. அடூடா செனட்டுக்கு வந்த 2011 முதல் நான்கு வருடம் அவர் ஆளுங்கட்சி ஆள்தான். கட்சி பலம் இல்லாததால் முடியவில்லை என்று அந்த நான்கு வருடத்துக்குச் சொல்ல முடியாது.

பி.டி.பி.யின் பலம் அதன் நீண்ட வேர். 1998இல் தொடங்கி 1999 முதல் 16 வருடம் தொடர்ந்து ஆண்ட கட்சி. பதவிகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றிப் பகிரும் வழக்கத்தைப் பல வருடம் கட்டிக்காத்தது. அதே வழக்கம் 2023இல் அவர்களையே பிளந்தது. தெற்குக்கு வர வேண்டிய முறையில் வடக்கத்திய அதிகு நின்றதால் ஐந்து ஆளுநர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவரான நியேசோம் விகே, பி.டி.பி.யில் இருந்துகொண்டே 2023 ஆகஸ்டில் டினுபு அரசின் அபுஜா அமைச்சரானார். குடையின் கீழ் ஒதுங்கினால் நனையாமல் இருக்கலாம் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

## அலையில் வந்தவர்: இரெத்தி கிங்கிபே

கிங்கிபே கானோவில் பிறந்தவர். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். லேபருக்கு முன்பு வேறு கட்சிகளிலும் இருந்தார், அபுஜா செனட் இடத்துக்கு முன்பும் முயன்றார். 2023இல் ஜெயித்தபோது அவருக்கு வயது 68. புதிய கட்சி என்றதும் புது முகம் என்று பலரும் நினைத்தார்கள். அப்படியல்ல, பல வருடம் கதவைத் தட்டியவர்.

லேபருக்குப் போட இரண்டு நல்ல காரணங்கள் இருந்தன. ஒன்று, அந்தப் பகுதியின் பெரும்பான்மை மாற்றத்தைக் கேட்டது. ஓபிக்கு அபுஜாவில் 61 சதவீதம் ஓட்டு விழுந்தது, டினுபுவுக்கு 20 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் குரல் செனட்டில் கேட்க வேண்டும் என்பது நியாயம். இரண்டாவது, நகரத்துப் பிரச்சினைகள் பெரும்பாலும் பொறியியல் பிரச்சினைகள்: தண்ணீர்க் குழாய், வடிகால், மழைக்காலத்தில் மூழ்கும் வீட்டு வளாகங்கள். இதைப் படித்தவர் போனால் ஏமாற்ற முடியாது.

எதிர்த் தட்டில் இருப்பது கட்சியின் பலவீனம். 2023 முடிவில் செனட்டில் ஏ.பி.சி. 59, பி.டி.பி. 36, லேபர் 8. எட்டுப் பேரை வைத்து எந்தச் சட்டத்தையும் நிறுத்த முடியாது. அந்த எட்டும் எட்டாக நிற்கவில்லை. கட்சித் தலைமைச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது, உறுப்பினர்கள் சிலர் ஏ.பி.சி.க்குப் போய்விட்டார்கள். அலைக்குப் போட்ட ஓட்டு, அலை வடிந்த பிறகு எங்கே நிற்கும் என்பதை வாக்காளர் முன்பே யோசித்துவைக்க வேண்டும். கிங்கிபே செனட்டில் தன் குரலை அடக்கிக்கொள்ளவில்லை. அமைச்சர் விகேயோடு வெளிப்படையாக மோதினார். ஆனால் இடிக்கும் அதிகாரம் அமைச்சர் கையில், கேட்கும் அதிகாரம் மட்டும்தான் செனட்டர் கையில்.

## வெளியே தெரியாத செலவுகள்

இதற்கு அபுஜாவை விட்டுத் தெற்கே பக்கத்து மாநிலமான கோகிக்குப் போக வேண்டும்.

கோகி மத்தியத் தொகுதியில் 2023இல் பி.டி.பி. சார்பில் நின்றவர் வழக்கறிஞர் நடாஷா அக்போட்டி. பின்னணி என்ற ஒரே தட்டை வைத்துப் பார்த்தால் இதைவிடத் தெளிவான வேட்பாளரைக் காட்டுவது கடினம். அந்தத் தொகுதியில்தான் அஜாகுட்டா இரும்பாலை இருக்கிறது. 1979இல் நிறுவனமாகப் பதிவாகி, சோவியத் உதவியோடு கட்டப்பட்டு, இன்றுவரை முழு உற்பத்திக்கு வராத ஆலை. அதைப் பற்றி 2018இலேயே நாடாளுமன்ற விசாரணையில் போய்ப் பேசியவர் அவர். 2019இல் எஸ்.டி.பி. என்ற சிறிய கட்சியில் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்று, பிறகு பி.டி.பி.க்கு வந்தார்.

தேர்தல் ஆணையம் முதலில் ஏ.பி.சி.யின் சதிக்கு ஒஹெரே ஜெயித்ததாக அறிவித்தது: 52,132க்கு 51,763. வித்தியாசம் 369 ஓட்டு. நடாஷா தேர்தல் தீர்ப்பாயம் போனார், செப்டம்பரில் ஜெயித்தார், அக்டோபர் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நவம்பரில்தான் பதவியேற்றார். மக்கள் தேர்ந்தெடுத்தவர் வெளியே இருக்க, வேறொருவர் அந்த நாற்காலியில் நாலரை மாதம் உட்கார்ந்திருந்தார்.

அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் இருக்கை மாற்றம் பற்றிய தகராறு. பிறகு செனட் தலைவர் காட்ஸ்வில் அக்பாபியோ தன்னிடம் தவறாக நடந்ததாக அவர் புகார் சொன்னார். அக்பாபியோ அதை மறுத்தார். மார்ச் 6 அன்று செனட் அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. அதே சமயம் தொகுதியில் அவரைத் திரும்பப் பெறக் கையெழுத்து வாங்கினார்கள். 4,74,554 வாக்காளர்களில் 2,08,132 கையெழுத்து, அதாவது 43.86 சதவீதம். பாதிக்கு மேல் வேண்டும் என்பதால் ஆணையம் அதை ஏற்கவில்லை.

இவருக்கு ஓட்டுப் போட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. போடத் தகுதியான ஆள் என்றே நினைக்கிறேன். ஆனால் நல்ல பின்னணி உள்ள எதிர்க்கட்சி ஆளைத் தேர்ந்தெடுப்பவர் நான்கு வருடம் முழுதாகக் கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. வழக்குக்குப் போகும் மாதங்களையும் வெளியே நிறுத்திவைக்கும் மாதங்களையும் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டும்.

ஆளுங்கட்சிப் பக்கம் வேறு வகைச் செலவு. கட்சி மாறினால் இடம் போகும் என்று சாசனத்தின் 68ஆம் பிரிவு சொல்கிறது. கட்சிக்குள் பிளவு இருந்தால் விதிவிலக்கு உண்டு, எல்லோரும் அந்த விதிவிலக்கைச் சொல்லியே தாவுகிறார்கள். 59இல் தொடங்கிய ஏ.பி.சி., 2025 முடிவதற்குள் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்த பொதுத்தேர்தல் எதுவும் இல்லை. அக்பாபியோவே 2018இல் பி.டி.பி.யிலிருந்து ஏ.பி.சி.க்கு வந்தவர்தான். குடைக்குப் போட்ட ஓட்டு துடைப்பத்தோடு முடிவது அங்கே அன்றாட விஷயம்.

## சரி, யாருக்கு எது பொருந்தும்?

இப்போது அந்த அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைக்கு வருவோம். ஓபியை விட கிங்கிபேக்கு 79,542 ஓட்டுக் குறைவு. அதிகுவை விட அடூடாவுக்கு 26,350 ஓட்டு அதிகம். டினுபுவை விட டோபிக்குச் சுமார் 12 ஆயிரம் குறைவு. ஒரே நாள், ஒரே சாவடி, ஒரே விரல். ஒரு சீட்டில் குடும்பம், அடுத்த சீட்டில் குடை என்று வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் கணக்கு இப்படி வரும். அபுஜா வாக்காளர்களில் ஒரு பகுதியினர் ஆளையும் கட்சியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். எனக்கு அந்த எண்கள் மேல் பெரிய மரியாதை.

என் தீர்ப்பைக் கேட்டால், குப்வா, கரு, புறநகர் கிராமம் என்று நிலப் பிரச்சினையோடு வாழும் பூர்வகுடிக்கு 2023இல் அடூடா தவறான தேர்வு அல்ல. பன்னிரண்டு வருடக் கணக்கைக் கேட்டு, திருப்தியான பதில் கிடைத்தால் போட்டிருக்கலாம். நகரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தண்ணீரும் பாதுகாப்பும் கேட்கும் ஊழியருக்குக் கிங்கிபேதான் பொருத்தம். கட்சி சிறிது என்பதைத் தெரிந்தே போட வேண்டும். ஒரு சாலையோ மின்மாற்றியோ பாதியில் நின்று, அது மட்டுமே வாழ்வாதாரம் என்றிருக்கும் ஊருக்கு ஆளுங்கட்சி ஆள் உதவலாம். மற்றபடி, ஆளுநர் இல்லாத இந்தப் பகுதியில் அமைச்சரும் செனட்டரும் ஒரே கட்சி என்றால் யாரும் யாரையும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதனால் அதை நான் கடைசியில் வைக்கிறேன்.

2027க்கு முதல் ஓட்டுப் போடப்போகும் தங்கைக்கு இதைத்தான் சொன்னேன். வேட்பாளர் தாக்கல் செய்யும் சுயவிவரப் படிவத்தையும் சான்றிதழ்களையும் தேர்தல் ஆணையம் தொகுதியில் ஒட்டி வெளியிடும், போய்ப் படி. ட்ராக்கா என்ற அமைப்பு தொகுதித் திட்டங்களை ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்கிறது. உன் பகுதியில் கட்டியதாக எழுதிய சுகாதார நிலையம் உண்மையில் நிற்கிறதா என்று பார். வேட்பாளர் இதுவரை எத்தனை சின்னத்தின் கீழ் நின்றார் என்று ஒரு தாளில் எழுது. ஒரு முறை மாறியிருந்தால் காரணம் கேள், மூன்று முறை என்றால் நான்காவதும் மாறுவார் என்று வைத்துக்கொண்டு முடிவெடு. ஓட்டுப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்கு வந்துவிடாதே. சாவடியிலேயே சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி, கூட்டமே சேர்ந்து உரக்க எண்ணும். எண்ணி முடித்து முடிவுத்தாளைச் சுவரில் ஒட்டும்வரை நில், ஒட்டியதும் போனில் படம் எடுத்துக்கொள். கோகியில் 369 ஓட்டில் தொங்கிய அந்த வழக்கின் சண்டையே அப்படிப்பட்ட தாள்களில் இருந்த எண்களைப் பற்றியதுதான்.

கேஷியர் மேடம் தேர்தலன்று யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை மை கறுத்த விரலோடு வந்து, இரவு பத்து மணிவரை குப்வா சாவடியில் நின்று எண்ணிய கதையைச் சொன்னார். தொண்டை கட்டியிருந்தது.